ஒரு சாண் மண்

காலை ஐந்து ஐம்பதுக்குப் பின்கதவைத் திறந்தபோது அப்பா தரையில் குந்தி உட்கார்ந்து, மண்ணில் அடித்திருந்த ஆணி ஒன்றில் நூல் கட்டிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று மூலைகளிலும் ஆணி அடித்துக் கட்டி முடித்துவிட்டார். வெள்ளை நைலான் நூல், மண்ணின் மேல்மட்டத்தை ஒட்டி, தோட்டத்தைச் சுற்றி ஓடியது. நூலுக்கு அடியில், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைப் பிடித்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

தோட்டம் என்பது எங்கள் வீட்டு வழக்கில் வந்த சொல். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குடியிருப்பில், எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கிடந்த இடம் அது. இரண்டு கட்டில் போடலாம். ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு பப்பாளி, கொஞ்சம் கீரை. அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார். குவார்ட்டர்ஸில் கூடுதலாகத் தங்கக் கொடுத்த அவகாசமும் முடியப் போகிறது. சனிக்கிழமை சாவியை ஒப்படைக்க வேண்டும். சாமான் கட்ட உதவுவதற்காக நான் பத்திரிகை அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"அந்த முனையைக் கொஞ்சம் இழுத்துப் பிடிம்மா," என்றார் அப்பா. "லெவல் குறிச்சுட்டா அப்புறம் யாரும் பேச முடியாது."

அடுப்படி ஜன்னலில் அம்மா நின்றிருந்தாள். அவள் கையில் வெங்காயத் தோல் இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் வெளியே வந்து குழியில் போடுவாள். அன்று நூலைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தோலைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அந்த மண் அம்மா உண்டாக்கியது. நாங்கள் குடிவந்தபோது அங்கே மண் என்று எதுவும் இல்லை. கட்டடம் கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் சரளையும் கடப்பாரைக்கு அசையாமல் இறுகிக் கிடந்தன. தெருமுனையில் சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. வீட்டுக் குப்பையெல்லாம் அதில்தான். மாடும் நாயும் கிளறியது போக மிச்சத்தை வாரத்துக்கு ஒருமுறை யாரோ கொளுத்திவிடுவார்கள். எனக்குச் சின்ன வயதில் இழுப்பு உண்டு. புகை வரும் நாட்களில் அம்மா ஜன்னல்களைச் சாத்தி, நனைத்த துண்டைக் கதவிடுக்கில் செருகி, என்னை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொள்வாள். ஒருநாள் காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். "தெருப் புகையை என்னால நிறுத்த முடியாது. அதுல நம்ம வீட்டுப் பங்கு இருக்கக் கூடாது," என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் இதற்கு வேறு காரணம் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் எதுவும் சும்மா வெளியே போகவில்லை. காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் குழிக்கு. டீத்தூளைச் சர்க்கரை போக அலசித்தான் போடுவாள், எறும்பு வரும் என்று. முட்டை ஓட்டைக் காய வைத்து அம்மிக் குழவியால் நொறுக்குவாள். மீன் கழிவை மட்டும் பப்பாளி அடியில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்து, பெருச்சாளி கிளறாமல் மேலே கல் வைப்பாள். தேங்காய் நார் முதலில் பாத்திரம் தேய்க்க. தேய்ந்த பிறகு குழிக்கு. குழிகள் இரண்டு. ஒன்று நிறையும்போது மற்றது மூடிக் கிடந்து மக்கும். மக்கியதை எடுத்து, எங்கள் பழைய டேபிள் ஃபேனின் கம்பிக் கூண்டில் சலித்து, சரளை மேல் பரப்புவாள். கையில் படுகிற ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் ஆணியையும் பொறுக்கி டப்பாவில் போடுவாள்.

பால் பாக்கெட்டின் மூலையை முழுதாக வெட்டித் துண்டாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஓரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டி எறிந்த சின்ன முக்கோணம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது என்பாள். பாக்கெட்டை அலசி, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றி, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயப்போடுவாள். பழைய பேப்பர்காரர் வரும்போது அடுக்காக எடுத்துக் கொடுப்பாள். அப்பாவின் காக்கி யூனிஃபார்ம் நைந்தால் முதலில் கடைக்குப் போகும் பையாகும். பை கிழிந்தால் அடுப்படியில் பாத்திரம் இறக்கும் துணி. அதுவும் கருகினால் நாடா நாடாவாகக் கிழித்துத் தக்காளிச் செடியைக் குச்சியில் கட்டுவாள். விசிலடித்துக்கொண்டு வரும் குப்பை வண்டிக்கு எங்கள் வீட்டிலிருந்து போனது பெரும்பாலும் ஒரு சின்னப் பொட்டலம்.

மண் ஒரு சாண் உயரம் ஏறியது. சரளைக்கு மேலே, விரித்த கையில் சுண்டுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனி வரை. டிசம்பரில் காலனியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற வீடுகளிலிருந்து டப்பாவோடு வருவார்கள். குடிலில் புல் மாதிரி முளைக்க வைக்க கேழ்வரகு விதைப்பதற்கு எங்கள் மண்தான் வேண்டும். வேறு மண்ணில் திட்டுத் திட்டாக வரும், இதில் ஒன்றுபோல வரும் என்பார்கள். அம்மா கை நிறைய அள்ளிக் கொடுத்து, ஜனவரியில் அதைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அப்பாவின் சங்கதி வேறு. அவர் தொழிற்சாலைக்குள் போன நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை, மாலையில் கேட்டைத் தாண்டும்போது பையைத் திறந்து காட்டியபடிதான் வருவார். காவலாளி வேண்டாம் என்று கைகாட்டினாலும் திறப்பார். ஒருமுறை அம்மா துவைக்கப் போட்ட கால்சட்டையின் பையில் ஒரு வாஷர் கிடந்தது. பித்தளை, மெட்டி அளவு. வேலையின் நடுவில் பையில் போட்டு மறந்திருக்கிறார். மழை பெய்துகொண்டிருந்தது. குடை எடுத்துக்கொண்டு போய் அதை ஷிஃப்டில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் கொடுத்தால் ஆகாதா என்று அம்மா கேட்டதற்கு, "ராத்திரி பூரா அது நம்ம வீட்ல இருக்குமே," என்றார்.

ஆக, முந்தைய வாரம் அம்மா மண்ணை மூட்டை கட்ட வேண்டும் என்று சொன்னபோது அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"மண்ணு கவர்மென்ட்டோடது."

"கீழ இருக்கிற சரளை கவர்மென்ட்டோடது. மேல இருக்கிறது நான் போட்டது."

"எதுவரைக்கும் மேல? கோடு எங்க?"

"இத்தனை வருஷம் நீங்க உரிச்சுப் போட்ட வாழைப்பழத் தோலு கவர்மென்ட்டோடதா? நீங்க தின்ன நண்டு ஓடு?"

"தோலா இருந்த வரைக்கும் நம்மளது. மண்ணாயிடுச்சுல்ல."

அம்மா சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. நெமிலிச்சேரியில் நாங்கள் கட்டிய வீட்டைச் சுற்றி கான்ட்ராக்டர் சிமெண்டு பூசிவிட்டிருந்தார். மதிலை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் தரை விட்டிருந்தது. வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்திருந்த அன்று, எல்லாரும் உள்ளே செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்தத் தரையைப் பாதத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டட மிச்சம் கொட்டி மூடிய இடம். "இதுல எதைப் போட்டாலும் அழுகும். மக்காது," என்று என்னிடம் சொன்னாள்.

அதைத்தான் அப்பாவிடம் இப்போது சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "தயிருக்கு உறை ஊத்துற மாதிரி ஒரு டப்பா எடுத்துக்கோ. அதை நான் ஒண்ணும் சொல்லல. அங்க போய்ப் பெருக்கிக்கலாம்," என்றார்.

"இது ஒரு சாண் ஏற எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஆச்சு. முப்பது இருக்கும்."

"எனக்கு இன்னொரு முப்பது இருக்கா?"

அப்பா அன்று மாலை குடியிருப்பைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனார். நானும் கூடப் போனேன். சாமான்களுக்கான கேட் பாஸ் எழுதும் மேசையில் இருந்தவர் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான்.

"மண்ணா, சார்?"

"ஆமா. பின்னாடி தோட்டத்து மண்ணு."

"சார், எடுத்துட்டுப் போங்க சார். யார் கேக்கப் போறா?"

"பாஸ்ல எழுதிக் குடுங்க."

"கட்டில், பீரோ, மிக்ஸின்னு எழுதுறேன். அதுக்குக் கீழ மண்ணுன்னு எழுதினா, கையெழுத்துப் போடுறவரு என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு விசாரிப்பாரு. எனக்கு ஏன் சார் இந்த வேலை?"

"கேக்க மாட்டாங்கங்கறதுக்காக நம்மளதாயிடுமா?" என்று அப்பா கேட்டார். மேசைக்காரரிடம் அவர் அதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் வீட்டில் நடப்பது எதையும் அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அண்ணே, மேல் வரிசைல காலி பண்ணவரு பாத்ரூம் கதவையே கழட்டிகினு பூட்டாரு. நீங்க இன்னான்னா மண்ணுக்குப் போயி பர்மிஷன் கேட்டுகினு கீறீங்க."

"அவரு செஞ்சது அவரோட போச்சும்மா," என்றார் அப்பா.

"அக்கா, நீ கம்முனு ராவோட ராவா அள்ளிப் போடு. இவர நம்பாத," என்றார் அம்மாவிடம்.

அம்மா துணியை மடித்துக்கொண்டே, "அவருக்குத் தெரியாம எடுத்தா எனக்கு எதுக்குடி அது," என்றாள்.

இரண்டு பேரும் இரண்டு நாள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு நடந்தது, சாமான் கட்டுவது நடந்தது. பரணிலிருந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளில் எதை எடுப்பது, எதை விடுவது என்று இரண்டு பேரும் என் மூலமாகப் பேசினார்கள். மண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அம்மா பின்பக்கம் போகும்போது அப்பா முன்பக்கம் போனார்.

மூன்றாம் நாள் காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டே வந்து, வாயில் நுரையோடு, "மாத்திக்கலாம்," என்றார்.

தொழிற்சாலையில் துளை போடுகிற டிரில் பிட் தேய்ந்தால், அதைக் கொடுத்தால்தான் புதியது தருவார்கள். பழசு உள்ளே போகும், புதுசு வெளியே வரும், கணக்கு அப்படியே இருக்கும். அப்பா முப்பது வருடம் இப்படித்தான் சாமான் வாங்கியிருக்கிறார். மண்ணுக்கும் அதையே சொன்னார். வெளியிலிருந்து ஒரு வண்டி மண் விலைக்கு வாங்குவது. அம்மாவின் மண்ணை எத்தனை எடுக்கிறோமோ அத்தனைக்கு அதைக் கொட்டி, பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது. அரசாங்க இடத்தில் இருந்த மண் இருந்த உயரத்துக்கு இருக்கும். எடுத்துப்போவது அம்மாவுடையதாக இருக்கும்.

அம்மா, "வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க," என்றாள். அன்று அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

அதனால்தான் நூலும் ரசமட்டமும்.

அன்று பகல் முழுவதும் மண்ணை எடுத்தோம். அப்பா மண்வெட்டியால் வெட்டினார், நான் அள்ளினேன், அம்மா ஃபேன் கூண்டில் சலித்தாள். சலிக்கத் தேவையில்லை, பலமுறை சலித்த மண்தான். கறுப்பாக, கையில் பிடித்தால் உருண்டை நின்று, விரலால் தொட்டால் உதிர்ந்தது. புழுக்கள் வந்தால் அம்மா மண்ணோடு சேர்த்து மெதுவாக அள்ளிப் போட்டாள். கறிவேப்பிலைக்கும் பப்பாளிக்கும் வேரைச் சுற்றி மண்ணை அப்படியே விட்டோம். பழைய அரிசிப் பைகள் அடுக்கி வைத்திருந்தாள். மாலைக்குள் இருபது மூட்டைக்குக் கிட்ட நடைபாதையில் நின்றன. சரளைத் தரை மீண்டும் வெளியே தெரிந்தது. நான் சின்ன வயதில் பார்த்த அதே மஞ்சள் நிறம்.

மறுநாள் காலை மண் வந்தது. சென்னீர்குப்பம் பக்கமிருந்து ஒருவர் சின்ன லோடு வண்டியில் கொண்டுவந்தார். தார்ப்பாயை விலக்கியபோது மேலே நல்ல செம்மண் இருந்தது.

"பாத்துக்கோ அண்ணாத்தே. செக்கச்செவேல்னு கீது பாரு. நட்டா நாளைக்கே காய்க்கும்."

"நாளைக்குக் காய்க்க வேண்டாம்பா. அளவு சரியா இருந்தாப் போதும்," என்றார் அப்பா.

வண்டி வீட்டுப் பின்பக்கம் வராது. தெருவில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். நானும் அப்பாவும் தட்டுக்கூடையில் அள்ளி அள்ளிப் போட்டோம். மேலே இருந்த செம்மண் நாலு கூடைக்குள் தீர்ந்தது. கீழே இருந்தது சாம்பல் நிறம். அப்பாவின் கண் நூலின் மேல் இருந்தது. கூடையைக் கவிழ்ப்பார், பலகையால் இழுப்பார், குனிந்து நூலைப் பார்ப்பார். மதியத்துக்கு மண் நூலைத் தொட்டது. நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வந்து பாரு," என்று அம்மாவைக் கூப்பிட்டார். பல நாளைக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்தது.

அம்மா புடவையைச் செருகிக்கொண்டு வந்து குந்தினாள். கையை மண்ணுக்குள் விட்டாள். வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் இருந்தது. மறுபடியும் விட்டாள். மாத்திரை அட்டை. அடுத்து பாலித்தீன் பையின் ஒரு கந்தல், அதை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

அப்பா அங்கேயே நின்று மண்காரருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணாத்தே, மண்ணைக் கழுவியா குடுக்க முடியும்? பழைய ஊடு இடிச்ச எடம், ஏரியாண்ட கொட்டின எடம், அங்கேந்து தான் வருது. இப்ப எல்லா மண்ணும் இப்டித்தான் கீது. சுத்தமான மண்ணு வேணும்னா நீ எங்கயும் போய்த் தேடு, கெடைக்காது."

அவர் கோபமாகப் பேசவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"லெவல் சரியா இருக்கு," என்றார் அப்பா, ஃபோனைப் பையில் வைத்துக்கொண்டு.

"லெவல் சரிதான்," என்றாள் அம்மா. உள்ளே போய் ஃபேன் கூண்டை எடுத்து வந்தாள். அதைச் சாமான்களோடு கட்டியிருந்தோம். கயிற்றை அவிழ்த்து எடுத்து வந்திருந்தாள்.

அந்தப் பிற்பகலும் மறுநாளும் அவள் அந்த மண்ணைச் சலித்தாள். வீட்டுக்குள் சாமான்கள் பாதி கட்டியபடி கிடந்தன. நான் பக்கத்தில் உட்கார்ந்து கூண்டில் தங்கியதைப் பிரித்தேன். ஷாம்பு, பாக்கு, காபித்தூள் பாக்கெட்டுகள். பாட்டில் மூடிகள். தேய்ந்த டூத் பிரஷ்கள். வயர். உடைந்த டியூப்லைட்டின் மெல்லிய கண்ணாடி. இடது கால் குழந்தைச் செருப்பு ஒன்று, வார் அறுந்தது. பால் பாக்கெட்டின் சின்ன முக்கோணங்கள், எண்ண முடியாத அளவு. அம்மா அவற்றைத் தனியாக ஒரு தட்டில் சேர்த்தாள். எதற்கென்று சொல்லவில்லை. கண்ணாடி கிழித்த விரலில் காக்கித் துணியைச் சுற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "வர்றவங்க பாத்துப்பாங்க," என்றார். சற்றுப் பொறுத்து, "மேலாக ஒரு கூடை செம்மண் போட்டுட்டா தெரியாது," என்றார். அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு மணையை எடுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார்.

பழைய பேப்பர்காரர் வந்தார். அம்மா பிரித்துவைத்த குவியல்களைக் காட்டினாள். அவர் ஒன்றை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "மண்ணு ஏறிப்போச்சும்மா. இத எவனும் எடுக்க மாட்டான்," என்றார். எனவே எல்லாம் குப்பை வண்டிக்குப் போயிற்று. கோணி கோணியாக நான் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைத்தேன். வண்டியோடு வரும் பெண்மணி கோணிகளைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இது உங்க ஊட்டுதா? உங்க ஊட்லேந்து தான் ஒண்ணுமே வராதே."

"காலி பண்றோம்," என்றேன்.

"அதுக்கோசரம் இவ்ளோவா?" என்று கேட்டுக்கொண்டே கோணியைத் தூக்கிப் போட்டார். முப்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வெளியே போன குப்பையில் மிக அதிகம் அந்த ஒரு நாளில் போனதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் சலித்து முடிந்தது. பிளாஸ்டிக் போன பிறகு மிஞ்சியது சிமெண்டுத் தூளும் மணலும். அம்மா ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் மேலேயே நின்று, வெள்ளையாகக் கலங்கி, ஓரமாக வழிந்தது. அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு நடைபாதைக்குப் போனாள். முதல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தாள்.

"என்ன பண்றே?" என்றார் அப்பா.

"கொஞ்சம் மேல போடுறேன்."

"இதுக்கா அத்தனை பாடுபட்டோம்? நீதானே கேட்டே. உனக்கு இன்னொரு முப்பது வருஷம் இல்லன்னு சொன்னது நீதானே."

"ஆமா."

"அப்புறம்?"

"வர்றவ கைக்குழந்தையோட வருவா. நானும் அப்படித்தானே வந்தேன். காலைல எழுந்து கதவைத் திறந்தா அவளுக்கு இதுவா இருக்கணும்?"

"அவ யாருன்னே உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்."

அவள் முதல் மூட்டையை இழுத்தாள். அவளால் தூக்க முடியவில்லை. தரையோடு தேய்த்து இழுத்தாள். அப்பா நகரவில்லை. இரண்டாவது அடிக்கு மூட்டை துவைக்கிற கல்லில் இடித்து நின்றது. அவர் போய் மறுமுனையைப் பிடித்தார்.

ஒரு மூட்டை என்று ஆரம்பித்தது நிற்கவில்லை. ஒன்றைக் கொட்டிப் பரப்பினால் பாதி இடம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அடுத்ததை அவிழ்த்தாள். மண் நூலுக்கு மேலே ஏறத் தொடங்கியதும் அப்பா, "இரு," என்று சொல்லி, தூள் மண்ணை ஓரமாக வெட்டி எடுத்து, காலியான பைகளில் நிரப்பினார். நூல் மட்டத்தை அவர் விடவில்லை. அந்தத் தூளை நாங்கள் வேறெங்கும் கொட்ட முடியாது. நெமிலிச்சேரி வீட்டு நடைக்குக் கீழே நிரப்ப ஆகும் என்று அப்பா சொன்னார், அப்படியே ஆயிற்று. மாலையில் மாதா கோயில் மணி அடிக்கும்போது அம்மாவின் மண்ணில் நாலு மூட்டைதான் மிச்சம் இருந்தது. அவள் அதில் ஒன்றையும் அவிழ்த்துக் கொட்டிவிட்டு, மிச்சம் மூன்றின் கழுத்தையும் தடவிப் பார்த்து, கயிற்றை இறுக்கினாள்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எதுவும் கிண்டலாகச் சொல்லவில்லை. "தண்ணி நான் ஊத்துறேன்க்கா," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை எஸ்டேட் ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்தார். ஃபேன் சுற்றுகிறதா, குழாய் ஒழுகுகிறதா, ஜன்னல் கொக்கிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார். எல்லாவற்றுக்கும் டிக் போட்டார். அப்பா அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய் நூலைக் காட்டினார்.

"இது என்ன சார்?"

"தோட்டம். இருந்த லெவல் இதுதான். அப்படியே இருக்கு."

"சரி சார்," என்றார் அவர். சாவியை வாங்கிக்கொண்டார். அவர் போன பிறகு அப்பா ஆணிகளைப் பிடுங்கி, நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டார். அம்மா தட்டில் சேர்த்து வைத்த பால் பாக்கெட் முக்கோணங்களை ஒரு கவரில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

காலனி கேட்டில் சாமான் வண்டியை நிறுத்தினார்கள். காவலாளி கேட் பாஸைப் படித்து, கட்டிலையும் பீரோவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அப்பா இறங்கினார். வண்டியின் பின்பக்கம் போய், விலைக்கு வாங்கிய தூள் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் மூன்று மூட்டைகளையும் தாமே அவிழ்த்தார்.

"இது பாஸ்ல இல்ல," என்றார்.

காவலாளி கையை உள்ளே விட்டார். "என்ன சார் இது, மண்ணா?"

"மண்ணுதான். எங்க வீட்டம்மா செஞ்சது."

"மண்ணைச் செஞ்சாங்களா?"

"ஆமா," என்றார் அப்பா.

காவலாளி கையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தார். அப்பா மூன்று கழுத்தையும் மறுபடி கட்டும்வரை வண்டி நின்றது. முன்சீட்டில் அம்மா திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அவர் ஏறியதும் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

நெமிலிச்சேரியில் மதிலை ஒட்டிய ஒரு முழ அகலத்தில் மூன்று மூட்டையும் அடங்கிவிட்டது. நீளத்தில் பாதிதான் வந்தது. அம்மா அங்கே ஒரு குழி வைத்திருக்கிறாள். அது சின்னது. வீட்டுத் தோலும் சக்கையும் அத்தனையையும் அது வாங்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவள் ஒரு பச்சை வாளியைக் குப்பை வண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு, வண்டி திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வருகிறாள். அப்பா நடைபாதையின் சிமெண்டைக் கொஞ்சம் உடைத்து எடுக்கலாமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு அக்கா மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் செய்கிறார். நாங்கள் விட்டுவந்த வீட்டுக்கு இதுவரை யாரும் குடிவரவில்லை.